சொந்தத்துக்கு எதிராகவும் சாட்சி

திருகோணமலை மாவட்டத்து மூதூரில் கற்பிக்கும் உப்புவெளிக்கார இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வகுப்பில் ஒருவன் மற்றவனின் பேனாவைப் பறித்தால்கூடப் பிள்ளைகள் 'அநியாயம் டீச்சர், அல்லாஹ் கேட்பான்' என்கிறார்கள். வெளியே இஸ்லாமிய நீதி என்று பேச்சு வந்தால் கை வெட்டுவது, கசையடி என்றுதான் காதில் விழுகிறது. இதில் எதை நம்புவது சேர்? உங்கள் மார்க்கத்தில் நீதிக்கு உண்மையில் எவ்வளவு இடம்?"

மகள், இந்த விஷயத்தில் நான் பிள்ளைகளின் கட்சி. குர்ஆனின் ஆறாயிரத்துச் சொச்சம் வசனங்களில் குறித்த குற்றத்துக்குக் குறித்த தண்டனை சொல்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நீதியோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கடன் எழுதும்போது, அளக்கும்போது, சாட்சி சொல்லும்போது, அநாதையின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்போது, மனைவியோடு வாழும்போது, பகைவனோடு பேசும்போது என்று அது நுழையாத இடம் இல்லை. குர்ஆனின் ஆக நீளமான வசனமே கடனை எப்படி எழுதி வைக்க வேண்டும், எழுதுபவர் எப்படி நேர்மையாக எழுத வேண்டும் என்பதைப் பற்றியதுதான்.

நம்பிக்கையின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் நபித்தோழர் அபூதர் (ரழி) அறிவிக்கும் செய்தியொன்றில் அல்லாஹ் சொல்வதாக வருகிறது: "என் அடியார்களே, அநியாயத்தை எனக்கு நானே தடை செய்துகொண்டேன், உங்களுக்கிடையிலும் அதைத் தடை செய்தேன்." எல்லாம் வல்லவன் என்று நாங்கள் நம்புகிறவன், தனக்குத் தானே போட்டுக்கொண்ட தடை இது. தூதர்களை எதற்காக அனுப்பினான் என்பதற்கும் அல்ஹதீத் அத்தியாயம் (57:25) நேரடியாகப் பதில் சொல்கிறது: வேதத்தையும் தராசையும் கொடுத்து அனுப்பியது மனிதர்கள் நீதியில் நிலைத்து நிற்பதற்காக. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நீதியை ஒழுக்கப் பாடத்தின் ஓர் அலகாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

இறைவனின் நீதியை விளங்கிக்கொள்வதில் முஸ்லிம்கள் ஒரே கருத்தில் இருக்கவில்லை. ஈராக்கின் பஸ்ராவில் தோன்றிய முஃதஸிலா என்ற சிந்தனைப் பிரிவினர், நன்மை எது தீமை எது என்பதை அறிவு தானாகவே கண்டுகொள்ளும், இறைவன் அநீதி செய்யமாட்டான் என்பதும் அறிவின்படி உறுதி என்றார்கள். அவர்களுக்கு மாறான அஷ்அரி பிரிவினர், இறைவன் மீது எதையும் கடமையாக்க நாம் யார் என்று கேட்டார்கள். ஷீஆக்கள் நீதியை மார்க்கத்தின் ஐந்து அடிப்படைகளில் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ சட்டப் பிரிவையும் அஷ்அரி மரபையும் பின்பற்றி வந்தவர்கள். இந்த விவாதத்துக்குள் உங்களை இழுத்துச் செல்ல எனக்கு விருப்பமில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநியாயத்தைப் பெரும்பாவம் என்று சொல்லாத தரப்பு இவர்களில் எதுவுமில்லை என்பது போதும்.

திருகோணமலைப் பள்ளிவாசல்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமைக் குத்பாவின் (பிரசங்கத்தின்) கடைசியில் ஒரு வசனம் ஓதப்படும்: "நிச்சயமாக அல்லாஹ் நீதியையும் நன்மை செய்வதையும் உறவினருக்குக் கொடுப்பதையும் ஏவுகிறான்" (16:90). உமையா வம்சத்தின் ஆட்சியில் நபிகள் நாயகத்தின் மருமகன் அலீ (ரழி) அவர்களைப் பள்ளிவாசல் மேடையான மிம்பரிலிருந்து ஏசும் வழக்கம் இருந்தது. 717இல் கலீஃபாவான (ஆட்சித் தலைவரான) உமர் பின் அப்துல் அஸீஸ் அதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இவ்வசனத்தை வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவ்வளவு கனமான வசனம். ஓதப்படும்போது எங்களில் பாதிப்பேர் எழும்பத் தயாராகிச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருப்போம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. நீதி வேண்டும் என்று கேட்பது எல்லாருக்கும் வரும். சிறுபான்மையாக வாழ்கிற எங்களுக்கு அது நன்றாகவே வரும். குர்ஆன் பெரும்பாலும் எங்களை நிறுத்துவது அடுத்த பக்கத்தில். உன் கையில் இருக்கும் மற்றவனுடைய உரிமையை என்ன செய்தாய் என்று கேட்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் இது: "நம்பிக்கை கொண்டோரே, நீதியில் நிலைத்து நிற்பவர்களாகவும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்பவர்களாகவும் இருங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் எதிராக இருந்தாலும் சரியே." அடுத்த வரி, அவன் பணக்காரனானாலும் ஏழையானாலும் என்கிறது. பணக்காரனுக்குப் பயந்து சாட்சியை மாற்றுவது மட்டுமல்ல, ஏழை பாவம் என்று மாற்றுவதும் கூடாது. ஊர் வழக்குகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த இரண்டாவது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

இதே அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து சில வசனங்களுக்குப் பின்னால் ஒரு திருட்டு இருக்கிறது. மதீனாவில் ஒரு வீட்டில் கவசம் களவு போனது. எடுத்தவன் துஃமா என்பவன், முஸ்லிம்களில் ஒருவனாக அறியப்பட்டவன். கவசத்தை மாவுச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுபோனான். சாக்கில் இருந்த ஓட்டையால் வழியெல்லாம் மாவு கொட்டியது. தடம் தன் வீட்டுக்கு வரும் என்று பயந்தவன், கவசத்தை ஒரு யூதரிடம் வைத்துவிட்டான். துஃமாவின் குலத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போய், எங்கள் ஆள் நிரபராதி, யூதரின் வீட்டில்தானே பொருள் கிடைத்தது என்று வாதாடினார்கள். விரிவுரை நூல்களில் பெயர்களிலும் விவரங்களிலும் வேறுபாடு உண்டு, சாரம் இதுதான். அப்போது இறங்கிய வசனம், மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிடாதீர் என்று நபியையே எச்சரித்தது. தான் செய்த குற்றத்தைக் குற்றமற்றவன் மீது சுமத்துபவன் அவதூறையும் பாவத்தையும் சேர்த்துச் சுமக்கிறான் என்றது (4:112). மதீனாவில் முஸ்லிம்களுக்கும் யூதக் குலங்களுக்கும் இடையில் உறவு கசந்துகொண்டிருந்த காலம் அது. நம்முடைய ஆளைக் கைவிட்டால் நம் பெயர் கெடும் என்று அந்தக் குலத்தார் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இன்றும் எந்த ஊரிலும் முதலில் வருகிற யோசனை அதுதான். அந்த யோசனைக்கு எதிராக வந்த தீர்ப்பை நாங்கள் இன்றுவரை தொழுகையில் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

இதன் தொடர்ச்சியாக அல்மாஇதாவின் 8ஆம் வசனத்தை வாசியுங்கள்: "ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம். நீதி செய்யுங்கள், அதுவே இறையச்சத்துக்கு மிக நெருக்கமானது." இந்த மாவட்டத்தில் இது எவருக்கும் இலகுவாக விழுங்கும் வசனமல்ல. 2006 ஆகஸ்டில் யுத்தத்தால் மூதூர் முஸ்லிம்கள் வீடுகளை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போனதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே ஆண்டில் சம்பூரிலிருந்து போன தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். சிங்களக் கிராமங்களிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருடைய பட்டியலும் உண்மைதான். வசனம் வெறுப்பே வரக்கூடாது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வெறுப்பு வந்த பிறகும் தராசில் கை வைக்காதே என்கிறது. முஸ்லிம்களின் பாதுகாப்பு உடன்படிக்கையில் வாழும் வேற்று மதத்தவருக்கு அநியாயம் செய்பவனுக்கு எதிராக மறுமையில் நானே வழக்காடுவேன் என்று நபியவர்கள் சொன்னது அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அலீ (ரழி) அவர்கள் கவச வழக்கில் ஒரு யூதரிடம் தோற்றார்கள் என்ற கதையும் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. குர்ஆனிலேயே மாவுச் சாக்கு வழக்கு இருக்கும்போது அந்தக் கதை எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

கை வெட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். மழுப்ப மாட்டேன், திருட்டுக்கு அந்தத் தண்டனை குர்ஆனில் இருக்கிறது. ஆனால் அது சம்பந்தமான மிகப் பிரபலமான ஹதீஸ் (நபிமொழி) எதைப் பற்றியது தெரியுமா? மக்ஸூம் என்ற செல்வாக்கான குலத்துப் பெண் திருடிவிட்டாள். நபியவர்களின் பாசத்துக்குரிய உஸாமாவைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபியவர்கள் கோபப்பட்டு எழுந்து, உங்களுக்கு முன்னிருந்தவர்கள் அழிந்தது உயர்குலத்தான் திருடினால் விட்டுவிட்டு எளியவன் திருடினால் தண்டித்ததால்தான், முஹம்மதின் மகள் ஃபாத்திமா திருடினாலும் இதே தண்டனைதான் என்றார்கள். சட்டத்தின் கடுமையை விட, சிபாரிசுக்குக் கதவைச் சாத்தியதுதான் அதில் பெரிது. இரண்டாம் கலீஃபா உமர் (ரழி) காலத்தில் பஞ்சம் வந்தபோது அந்தத் தண்டனையை அவர்கள் நிறுத்தி வைத்ததாகவும் பதிவு உண்டு. பசிக்குத் திருடுபவனைத் தண்டித்தால் அது நீதியாகாது. இலங்கையில் குற்றவியல் சட்டம் எல்லாருக்கும் ஒன்று. எனவே இந்தப் பேச்சு எங்கள் ஊரில் வாய்க்கு மட்டும்தான் வேலை.

கைக்கு வேலை தருவது நெல்லும் மீனும் காணியும். அறுவடைக் காலத்தில் தோப்பூர்ப் பக்கம் வயலோரத்துக்கே லொறி வரும். மூடையைத் தராசில் ஏற்றியதும் வியாபாரியின் ஆள் எண்ணைச் சொல்வான். அடுத்த மூச்சில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, பதருக்கு இவ்வளவு என்று கழிப்பான். ஈரத்தை அளக்கும் கருவியை நான் எந்த லொறியிலும் கண்டதில்லை. ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதோடு சரி. உரத்துக்குக் கடன் தந்தவரே நெல்லையும் வாங்குகிறார் என்றால், விவசாயி தராசைப் பார்க்க மாட்டான், வரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்த இடத்துக்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, அல்முதஃப்பிஃபீன். "அளவில் குறைப்போருக்குக் கேடுதான். மனிதர்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குகிறார்கள்; தாங்கள் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைக்கிறார்கள்." ஷுஐப் நபி மத்யன் மக்களிடம் போய்ச் சொன்னதும், அல்லாஹ்வை வணங்குங்கள் என்பதற்கு அடுத்த வாக்கியமாக, அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்பதுதான்.

நெல்லோடு நின்றுவிடும் வசனமல்ல அது. வேலையாளிடம் முழுநாள் வேலை வாங்கிக்கொண்டு கூலியை நாளைக்கு வா என்பவரும் அதில் வருவார். மறுமையில் நானே எதிர்த்து நிற்கும் மூவரில் ஒருவன் அவன் என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொண்டு பாடவேளையில் கைபேசி பார்க்கும் ஆசிரியர்களும் வருவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் சோக்கட்டி பிடித்தவன்தான்.

தண்ணீர் வழக்கொன்றும் உண்டு. மேட்டில் தோட்டம் வைத்திருந்த ஸுபைர் (ரழி), நபியவர்களின் மாமி மகன். கீழே இருந்தவர் தண்ணீரைத் தடுக்காமல் விடச் சொல்லி வழக்குக் கொண்டுவந்தார். ஸுபைரே, நீர் பாய்ச்சிக்கொண்டு பக்கத்தவருக்கு விடும் என்று நபியவர்கள் விட்டுக்கொடுத்து முடிக்கப் பார்த்தார்கள். கீழே இருந்தவரோ, உங்கள் மாமி மகன் என்பதாலா என்று கேட்டுவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. அதன் பிறகு சமரசத்தை விட்டு, மேட்டு நிலத்துக்காரருக்குரிய முழு உரிமைப்படி, வரப்பில் தண்ணீர் முட்டும்வரை நிறுத்தி வைத்துப் பிறகு விடும்படி தீர்த்தார்கள். சமரசம் வேறு, உரிமை வேறு. முதலாவது முடியாதபோது இரண்டாவதைச் சரியாக அளந்து கொடுக்க வேண்டும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்களும் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டை விதானைமாரும் இந்த ஹதீஸை நின்று கேட்பார்கள்.

வீட்டுக்குள் வந்தால் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நுஃமான் பின் பஷீர் என்ற நபித்தோழர் சிறுவனாக இருந்தபோது, தந்தை அவருக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்து அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்கப் போனார். உம்முடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். "அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கிடையில் நீதியாக நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். நம் கிழக்கு மாகாண வழக்கம் உங்களுக்கும் தெரியும், உங்கள் வீடுகளிலும் கிட்டத்தட்ட அதேதான். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதினால்தான் கல்யாணம் நடக்கும். பையன்கள் தங்கச்சிமாருக்கு வீடு கட்ட மத்திய கிழக்குக்குப் போவார்கள். திரும்பி வந்து தங்களுக்கு இன்னொரு பெண்ணின் வீட்டைக் கேட்பார்கள். இதற்கு மேல் கைக்கூலி, அதாவது மாப்பிள்ளைக்கு ரொக்கம். மார்க்கம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு மஹர் (மணக்கொடை) கொடுக்கச் சொல்கிறது. பெண் வீட்டில் இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, மஹர் என்று ஒரு சிறு தொகையைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் குத்பாவில் பெண்களுக்கு இஸ்லாம் தந்த உரிமை என்று பேசுவதை என்னவென்று சொல்வது?

வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். செலவுப் பொறுப்பு முழுவதும் ஆணின் தலையில் என்பதால் அந்தப் பங்கீடு என்று அறிஞர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் நிற்க வேண்டுமானால் ஆண் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டும். தாபரிப்புப் பணம் தராத கணவனைத் தேடிக் முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்கு நடக்கும் பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் காதியாக ஆண்களைத்தான் நியமிக்கச் சொல்கிறது. இதையெல்லாம் திருத்தும் யோசனைகளுக்காக 2009இல் அமைக்கப்பட்ட குழு, அறிக்கையைக் கொடுக்க 2018 ஆனது. ஷாஃபிஈ சட்டம் பெண் நீதிபதியை ஏற்கவில்லை என்பது உண்மை. இன்னொரு சட்டப் பிரிவான ஹனஃபிகள் தண்டனை வழக்குகள் நீங்கலாக ஏற்றார்கள் என்பதும் அதே அளவு உண்மை. பெண் சொல்வதைச் சரியாகக் கேட்கும் ஏற்பாடு எது என்று பார்ப்பதுதான் முறை. தன் மத்ஹப் (சட்டப் பிரிவு) என்று பிடிவாதம் பிடிப்பதற்கு அந்நிஸா 135 இடம் தராது என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு வாங்கிவிட்டால் முடிந்தது என்றும் மார்க்கத்தில் இல்லை. நபியவர்கள் சொன்னதாக அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கிறார்கள்: நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் மற்றவரை விட வாதத்தில் கெட்டிக்காரராக இருக்கலாம், நான் கேட்டதை வைத்துத் தீர்ப்பளிப்பேன், அப்படி ஒருவருக்கு அவருடைய சகோதரனின் உரிமையைக் கொடுத்துவிட்டால், நான் கொடுத்தது நெருப்புத் துண்டு என்று. காணி வழக்குகளில் நல்ல சட்டத்தரணி, பழைய உறுதி, செத்துப்போன சாட்சி என்று வென்றவர்கள் எத்தனையோ பேர். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு, நீதிமன்றமே தந்தது என்று நிம்மதியாக இருக்க இந்த ஹதீஸ் விடாது.

பிள்ளைகள் சொல்லும் "அல்லாஹ் கேட்பான்" என்பதற்கு அடியில் இருப்பதும் இதுதான். எங்கள் ஊர்களில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை தொடங்குமுன் மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், யார் மனத்தையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதை நீங்கள் கண்டிருக்கலாம். அழுகையில் பாதிச் சொற்கள் விளங்காது. வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு வீட்டுக்கு வருவார். நபியவர்கள் கடனோடு இறந்தவருக்குத் தொழுவிக்கத் தயங்கி, அபூகதாதா (ரழி) கடனைப் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்த செய்தி புகாரியில் உண்டு. இறைவனுக்குரிய கடமையில் விட்ட குறையை அவன் மன்னிக்கலாம், மனிதனுக்குரிய ஹக்கை (உரிமையை) அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே ஊட்டப்படுவது. தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வந்து, ஒருவரை ஏசியதற்கும் ஒருவர் பொருளைச் சாப்பிட்டதற்கும் ஒருவரை அடித்ததற்கும் ஈடாக நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்து ஓட்டாண்டியாகிறவனைப் பற்றிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்டவனின் பதுவாவுக்கும் (சாபத்துக்கும்) அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை என்பதும் ஹதீஸ்தான். முஆத் (ரழி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, வரி வாங்கப் போகிற அதிகாரிக்குச் சொன்ன எச்சரிக்கை அது.

கடைசியாக, முஸ்லிம் அல்லாத ஓர் ஆசிரியை இதையெல்லாம் வகுப்பில் பேசலாமா என்ற தயக்கம் உங்களுக்கு இருப்பதாகப் படுகிறது. நபித்துவம் கிடைக்கும் முன்பே, சுமார் இருபது வயதில், நபியவர்கள் மக்காவில் ஓர் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமனிலிருந்து வந்த வியாபாரி ஒருவரின் சரக்கை மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தார். அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் சில குலத்தார் கூடி, மக்காவில் அநியாயம் செய்யப்பட்டவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும் அவருடைய உரிமையை மீட்டுக் கொடுப்போம் என்று சத்தியம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். இஸ்லாம் அப்போது வந்திருக்கவில்லை, அவரோடு கூடியவர்கள் சிலைகளை வணங்கியவர்கள். இஸ்லாம் வந்து பல காலத்துக்குப் பிறகும், இன்று அப்படியொன்றுக்கு அழைத்தாலும் போவேன் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆகவே பேனா வழக்கை நீங்கள் தாராளமாக விசாரிக்கலாம். பறித்தவன் உங்கள் செல்ல மாணவனாக இருந்தால் மட்டும் அந்நிஸா 135ஐ ஒரு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.